ஐந்தாம் மாத வளையல்

தேவிக்கு ஞாயிற்றுக்கிழமை லடாக் மலையிலுள்ள லே போக டிக்கெட். வெள்ளிக்கிழமை மயிலாப்பூரில், இதய டாக்டரான என் எக்கோ ஸ்கேன் டேபிளில் படுத்திருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம்.

கணவன் லேயில் ஓட்டல் சமையல்காரன். அங்கே நாலு படி ஏறினாலே மூச்சு முட்டியதாம், ஒருமுறை மயங்கியும் விழுந்தாளாம். தங்கை கல்யாணத்துக்குச் சென்னை வந்ததும் பாதி குறைந்துவிட்டது. அதனாலேயே வீட்டில் யாரும் கவலைப்படவில்லை. பிரசவ டாக்டர்தான் மயக்கம் என்றதும் என்னிடம் அனுப்பினார்.

“இன்னா டாக்டரம்மா, புள்ளத்தாச்சிக்கு மூச்சு வாங்காதா? மீன் கூடையத் தூக்கிக்கினு பட்டினப்பாக்கம் பூரா சுத்துனவ நானு. எனுக்கும்தான் வாங்குச்சு” என்றார் மாமியார் பார்வதி.

எனக்குக் கோபம் வந்தது. இந்த வசனத்தைக் கேட்டே என் தலை நரைத்தது.

நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் பிரஷர் எகிறியிருந்தது. இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது. கர்ப்பமே அந்த இதயத்துக்குப் பளு. ஆக்சிஜன் குறைந்த மலை இன்னொரு பளு. கர்ப்பத்தைத் தொடர்வதே ஆபத்து என்று ஒளிக்காமல் சொன்னேன். தேவி அழுதாள். பிறகு, “எனக்கு இந்தக் குழந்தை வேணும் டாக்டர்” என்றாள்.

“அப்படின்னா லே கிடையாது. மாடிப்படியும் கூடாது.”

பார்வதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எங்க வூடு மூணாவது மாடி, லிப்ட் கெடையாது. ஏழாம் மாசம் வளையல் போடாம தாய் வூட்டுக்கு அனுப்புனா, மருமவள வெரட்டிட்டோம்னு குப்பமே பேசும்.”

தாய் வீடு அடையாறில், தரைத்தளம். குறுக்கே நின்றது ஒரு டஜன் கண்ணாடி வளையல்.

“ஒத்தைப்படை மாசம்தானே கணக்கு? அஞ்சும் ஒத்தைப்படைதான். ஞாயித்துக்கிழமையே போடுங்க” என்றேன்.

பார்வதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். டிக்கெட் ரத்தானது.

அடுத்த எக்கோவுக்குத் தேவி இரண்டு கையிலும் வளையல் குலுங்க வந்தாள். மாத்திரை, ஆக்சிஜன், வாராவாரம் செக்கப் என்று ஓடியது. முன்கூட்டியே நாள் குறித்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம். குழந்தை பிறந்த பிறகுதான் இந்த இதயங்கள் அதிகம் கைவிடும் என்பதால் ஐசியூவிலேயே வைத்திருந்தோம். நான் பயந்துதான் இருந்தேன்.

இளம் டாக்டர்களுக்கு ஒன்று சொல்வேன். ‘போகாதே’ என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். போகாவிட்டால் எங்கே இருப்பாள் என்றும் கேளுங்கள்.

ஐசியூ வாசலில் பார்வதி உட்கார்ந்திருந்தார். “பேரனைப் பாத்தீங்களா?” என்றேன்.

“அவன் கெடக்கறான் டாக்டரம்மா. அவ நல்லா மூச்சு வுடறாளா?”