கடலுக்குள் ஒரு புள்ளி

செங்கல்பட்டில் என் வீட்டுச் சமையலறையில், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் ஒரு செல்போன் உறை தொங்குகிறது. தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை. அதன் கயிற்றில், மீன்வலையில் கட்டுகிற மஞ்சள் மிதவை ஒன்று முடிச்சுப் போட்டிருக்கிறது. உறை வெயிலில் பழுப்பேறிவிட்டது, உள்ளே போனை வைத்தால் திரையே தெரியாது. எதற்கும் உதவாத இதை ஏன் மாட்டி வைத்திருக்கிறாய் என்று பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் கேட்பார். நான் அதைக் கழற்ற விடுவதில்லை. அதைப் பார்த்தால் எனக்கு அண்ணி ஞாபகம் வரும். அண்ணிக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்தில் இன்றைக்கும் என் அண்ணன் கடலுக்குப் போகிறான், அவள் மீன் விற்கிறாள். நான் நினைத்துக்கொள்வது சில வருஷங்களுக்கு முந்தைய அண்ணியை, கையில் போனை வைத்துக்கொண்டு நிற்க முடியாமல் நின்ற அண்ணியை.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் சும்மா உட்காரத் தெரியாதவள். மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. வேலை நேரம் போக மற்ற நேரமெல்லாம் என்னை நானே திருத்திக்கொண்டிருப்பேன். சீக்கிரம் எழ வேண்டும் என்று அலாரத்தைக் குளியலறையில் வைப்பேன். போனை அதிகம் பார்க்கக் கூடாது என்று திரையைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவேன், பிறகு அது சரியாக மாறியிருக்கிறதா என்று பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பேன். தண்ணீர் குடிக்க ஒரு மணி, நிமிர்ந்து உட்கார ஒரு மணி, மூச்சை இழுத்துவிட ஒரு மணி. மூச்சு விடக்கூட உங்களுக்கு மணி அடிக்க வேண்டுமா என்று ஆபீசில் மேலாளர் ஒரு முறை கேட்டேவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குப் போனால் இந்த வியாதியையும் கூடவே கொண்டுபோவேன். நான் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். காலை வணக்கப் படங்களை மொத்தமாக அழித்துக் கொடுப்பேன், எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பேன். பெருமையாகத்தான் இருக்கும்.

ஒரு புதுவருஷத்தன்று வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து, இந்த வருஷத்துக்கு ஆளுக்கொரு லட்சியம் சொல்லுங்கள் என்றேன். வெற்றிலை பாக்கை விட்டுவிடுகிறேன் என்றான் அண்ணன். மத்தியானச் சாப்பாடு வரைக்கும் விட்டிருந்தான். "கால் வலி போனா போதும், எனக்கு இன்னாத்துக்கு லட்சியம்" என்றாள் அம்மா. அண்ணி வாசலில் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமலே, "பயப்படாம இருக்கணும் பாப்பா" என்றாள். நாங்கள் சிரித்துவிட்டோம். மீன் ஏலத்தில் ஆம்பிளைகள் தொண்டையையெல்லாம் தன் ஒற்றைத் தொண்டையால் அடக்குகிறவள் அவள். அவளுக்கு என்ன பயம்? அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அண்ணி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவளுடைய அப்பா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. "செத்தாருன்னு கூட பாப்பா, எங்கம்மாவால ரொம்ப நாள் நெனைக்க முடியல. எங்க கீறாருன்னே தெரியாம போச்சு" என்றாள். "எங்க கீறாருன்னு தெரிஞ்சா போதும். வேற எதுவும் எனக்கு வாணாம்."

இதைக் கேட்டுவிட்டு என்னால் சும்மா இருக்க முடியுமா? இதற்கு ஒரு வழி இருக்கிறதே என்று அப்போதே அண்ணன் போனை வாங்கினேன். கடலுக்குப் போகும்போது தன் லொகேஷனை அண்ணி போனுக்குப் போட்டுவிட்டுப் போனால், அவன் படகு எங்கே இருக்கிறது என்று அவள் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கரைப்பக்கத்துக் கடலில் சிக்னல் கிடைக்கும். போன் நனையாமல் இருக்க உறை, தவறி விழுந்தாலும் முழுகாமல் இருக்க மிதவை. உறையை நானே வாங்கிவந்தேன், மிதவையை நானே கட்டினேன். மறுநாள் காலை அண்ணி எனக்குப் போன் செய்து சின்னப் பெண்ணைப் போலக் கத்தினாள். "பாப்பா, தெரியறாரு! புள்ளியா தெரியறாரு!" அண்ணன் தன் முகப்படம் எதுவும் வைக்காததால் கடலின் நீலத்தில் வெறும் வட்டமாகத்தான் தெரிந்தான். அவள் அதற்குப் புள்ளி என்றே பெயர் வைத்துவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. கடலுக்குக் கிளம்பியவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எதை மறந்துவிட்டுப் போனாலும் சரி, எப்போது வருவாய் என்றும் கேட்கக் கூடாது. அம்மா தன் காலமெல்லாம் அதைக் காப்பாற்றியவள். இப்போது அண்ணன் வாசலைத் தாண்டியதும் அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுக்க ஆரம்பித்தாள். "யோவ், போட்டியா?" லொகேஷனைப் போட்டாயா என்று அர்த்தம். அவன் போட மறந்துபோகிறவன், இவள் கேட்காமல் விடமாட்டாள். அம்மா ஒவ்வொரு நாளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே நடந்தது. அண்ணி தூங்கினாள், நன்றாகச் சாப்பிட்டாள். லட்சியத்தில் முதல் இடம் உங்களுக்குத்தான் அண்ணி என்று நானும் கிண்டல் செய்தேன்.

பிறகு புள்ளி அவளைப் பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் அண்ணன் போனதும் கூடையைத் தூக்கிக்கொண்டு வியாபாரத்துக்குப் போய்விடுவாள், பயம் அவளோடு ஒரு ஓரமாகக் கிடக்கும். இப்போது பயத்துக்கு ஒரு திரை கிடைத்துவிட்டது. மடியில் போனை வைத்துக்கொண்டு மீன் விற்றாள். விலை கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் திட்டு வாங்கினாள். வலை போடும்போது படகு நிற்கும், அப்போது புள்ளியும் நிற்கும், உடனே என் ஆபீசுக்குப் போன் வரும். "பாப்பா, நவுர மாட்டுது." வலை போட்டுக்கொண்டிருப்பான், விடு அண்ணி என்பேன். சற்று நேரத்தில் மறுபடியும் வரும். "நவுந்துச்சு. ஆனா இன்னாத்துக்கு அந்தப் பக்கமா போறாரு?" எனக்கு எரிச்சலாக வரும். அதைச் சொல்லவும் முடியாது. நின்றால் பயம், நகர்ந்தால் சந்தேகம், சிக்னல் போய் புள்ளியே காணாமல் போனால் கேட்கவே வேண்டாம். கடலைப் பார்த்துப் பயந்தவள் இப்போது கடல், சிக்னல், சார்ஜ் மூன்றையும் பார்த்துப் பயந்தாள்.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குப்பத்தில் இருந்தேன். வெயில் ஏறிவிட்டது, மற்றப் படகுகள் கரைக்கு வந்துவிட்டன. அண்ணன் படகைக் காணவில்லை. அண்ணி போனை என்னிடம் நீட்டினாள். புள்ளி மாமல்லபுரத்தையும் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தது. வேகமாக இல்லை, நிற்கவும் இல்லை, ஒரு நடையில் போய்க்கொண்டே இருந்தது. எங்கள் படகுகள் அந்தப் பக்கம் வலை போடுவதில்லை. இன்ஜின் ஓடினால் இந்த வேகம் இல்லை, நங்கூரம் போட்டிருந்தால் இந்த நகர்வு இல்லை. நீரோட்டம் வடக்கே இழுக்கிற மாதம் அது. இதெல்லாம் குப்பத்தில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அண்ணி கூப்பிட்டாள். மணி போனது. மறுபடி கூப்பிட்டாள். "அடிக்குது பாப்பா. அடிக்குது. எடுக்க மாட்டறாரு." அண்ணனோடு போன இரண்டு பேரும், நனைந்துவிடும் என்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள். யாரைக் கேட்பது? அம்மா மணலில் உட்கார்ந்து, "தலபாடா அடிச்சிக்கினேனே, பின்னால கூப்புடாதன்னு" என்று ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அம்மா மேல் கோபம் வந்தது. அதைவிட அந்த மஞ்சள் மிதவையைக் கட்டிய என் கைமேல் வந்தது.

இரண்டு படகுகள் தேடக் கிளம்பின. புள்ளி எங்கே என்று பார்க்க அண்ணியின் போனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் அண்ணியிடம் ஒன்றுமே இல்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தாள், எடுத்தாள், முந்தானையை முறுக்கினாள், விட்டாள். போன் இருந்த உள்ளங்கையை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டாள். நான் அவள் தோளைத் தொட்டதும் தட்டிவிட்டாள். சுற்றிலும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அப்போது தெற்கேயிருந்து ஒரு படகு வந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். கரையேறி, ஈரக் கைலியைப் பிழிந்துகொண்டே கூட்டத்துக்குள் வந்து, "இன்னா கூட்டம்?" என்று கேட்டபோதுதான் அது அண்ணன் என்று தெரிந்தது. கழுத்தில் உறை தொங்கினால் வலை இழுக்க முடியவில்லை என்று படகு விளிம்பில் கட்டியிருக்கிறான், வலை இறங்கும்போது அதில் மாட்டி, கட்டு அவிழ்ந்து கடலில் போய்விட்டது. நான் கட்டிய மிதவை போனை முழுகவிடாமல் ஒழுங்காக வடக்கே அழைத்துப் போயிருக்கிறது. போன் போனதை எப்படிச் சொல்வது என்று பயந்துகொண்டுதான் இவன் தெற்கே போய் இன்னொரு வலையும் விட்டு, நேரம் கடத்தி வந்திருக்கிறான். அண்ணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "யோவ், உன்னத் தேடி ரெண்டு படகு அங்க போயிருக்குது. நீ இங்க இன்னா பண்ற?" என்று சண்டைக்காரியைப் போலக் கேட்டாள். ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அண்ணி மட்டும் மணலில் அப்படியே உட்கார்ந்து, அவன் காலைப் பிடித்துக்கொண்டு, அப்பா அப்பா என்று அழுதாள். சிரிப்பு நின்றுபோயிற்று. அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தலைமேல் கைவைத்தபடி நின்றான்.

தேடிப்போனவர்களைத் திருப்பி அழைக்க அண்ணியின் போனுக்கு நான் கூப்பிட்டேன். மணி போய்க்கொண்டே இருந்தது. இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஆள் எதிரில் நிற்கும்போதே, எடுக்காத மணியைச் சிறிது நேரம்கூட என்னால் கேட்க முடியவில்லை. மதியத்துக்கு மேல்தான் திரும்பினார்கள். போன் இருந்த உறையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இறங்கினார்கள். மணலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த அண்ணனைப் பார்த்ததும் அவர்கள் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. குப்பத்தில் இன்று வரைக்கும் அண்ணனுக்குப் புள்ளி என்றுதான் பெயர்.

அன்று சாயங்காலம் அண்ணி என்னிடம், "அத எட்த்துடு பாப்பா" என்றாள். லொகேஷனை எடுத்துவிட்டேன். உறையையும் என்னிடமே கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அவள் பின்னாலிருந்து கூப்பிடவில்லை, கூடையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். பிறகு யார் எதற்குக் கவலைப்பட்டாலும் அவள் சொல்வது ஒன்றுதான்: "புள்ளிய பாக்காத, வேலைய பாரு." பெண்ணுக்கு வரன் அமையவில்லை என்று அழுகிறவளுக்கும் அதுதான், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைக்கும் அதுதான். அடுத்த புதுவருஷத்தில் அவளாகவே சொன்னாள், "நான் இப்பல்லாம் பயப்படறதே இல்ல." நான் நம்பினேன். எங்கள் வீட்டில் லட்சியத்தை முடித்த ஒரே ஆள் என்று எல்லோரிடமும் சொல்லி மெச்சிக்கொண்டேன். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது என் பையன் கல்லூரிக்குப் பைக்கில் போகிறான். செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாக, லாரிகள் ஓடுகிற சாலையில். பைக் வாங்கிக் கொடுத்த அன்றே அவன் போனில் லொகேஷனைப் போடவைத்தேன். இத்தனை பார்த்த பிறகுமா என்று கேட்டால், ஆமாம், இத்தனை பார்த்த பிறகும்தான். என் மேசையில் கணக்கு ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கம். தண்ணீர் குடிக்கிற மணியையெல்லாம் நிறுத்திவிட்டேன், அதற்கு நேரமில்லை.

இன்று காலை எனக்கு விடுப்பு. சமையலறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது திருப்போரூருக்கு முன்னால், கடையோ வீடோ இல்லாத இடத்தில், புள்ளி நின்றது. அடுப்பை அணைத்தேன். கூப்பிட்டேன். மணி போனது. எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எதிரே ஆணியில் அந்தப் பழுப்பேறிய உறையும் மஞ்சள் மிதவையும் தொங்கிக்கொண்டிருந்தன. வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாம். என் விரல் அண்ணியைத்தான் கூப்பிட்டது. மீன் சந்தை இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. நான் சொல்லி முடிப்பதற்குள், "எங்கனா ஓரமா நின்னு ஃபிரண்டாண்ட பேசிகினு இருப்பான், வுடு. புள்ளிய பாக்காத, வேலைய பாரு" என்றாள். அவ்வளவு திடமாகச் சொன்னாள். சரி அண்ணி என்று வைக்கப் போனேன். அவள் வைக்கவில்லை.

"பாப்பா" என்றாள்.

"என்ன அண்ணி?"

"நவுந்துச்சா?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இத்தனை வருஷமும் காலைதோறும் அவள் அதை எங்கே ஒளித்து வைத்திருந்தாளோ தெரியவில்லை. இன்னும் இல்லை அண்ணி என்றேன்.

"சரி, வெக்காத. நானும் கீறேன்" என்றாள். அவளுக்குப் பின்னால் யாரோ மீனுக்கு விலை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் பதில் சொல்லவில்லை.