வீதி போகாத தலைநகரம்

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் இருந்தவர்கள்: அம்மா, மிசிசாகாவிலிருந்து வந்த மாமா, கிரியை செய்ய வந்த ஐயர், அப்பாவோடு பேக்கரியில் வேலை செய்த சிலர், அயலவர்கள், நான். பெட்டிக்குள் அப்பா. இல்லாதவர் அண்ணா.

எங்கள் ஆட்களிடம் தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்கு இளைய மகன். கொள்ளி வைக்கும் முறை அதுதான். ரொறொன்ரோவில் கொள்ளி என்பது தகனசாலைச் சுவரில் இருக்கிற ஒரு பொத்தான். ஆனாலும் அதை அமத்தும் கை யாருடையது என்பது இங்கே வந்தும் மாறவில்லை. மாமா சுண்ணம் இடிக்க உரலும் உலக்கையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பின்னேரம் வோபர்னில் இன்னொரு செத்தவீடு.

அண்ணா அந்த நேரம் கனடாவின் வடகோடியில், இக்கலூயிட் விமான நிலையத்தில், மூன்றாவது நாளாக, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

அவரை அங்கே அனுப்பியவன் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன். அப்பா பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. அண்ணா ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு லொறியில் ஏறியவர். அதனால் வீட்டுக்கு வருகிற கடிதம், வரிப் பத்திரம், காப்புறுதி எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். நான் வாசித்துச் சொன்னால் அதற்குமேல் கதை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த வேலை விளம்பரத்தைக் கண்டவனும் நான். வடக்கே, நுனாவுட் பிரதேசத்தின் தலைநகரமான இக்கலூயிட்டில், வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லொறி ஓட்ட ஆள் தேவை. இங்கே அண்ணா ஓடிய லொறியில் கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்குக் கிட்டச் சம்பளம். விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். அண்ணா கையெழுத்து மட்டும் போட்டார்.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்த ஊரைப் பற்றி ஒவ்வொன்று தெரிந்திருந்தது. அங்கே ஆறு மாதம் சூரியனே வராது என்று அம்மாவுக்குக் கோயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆட்கள் பனிக்கட்டியால் கட்டிய வீட்டில் இருப்பார்கள் என்றார் அப்பா. மாமா சிரித்தபடி, "மருமோன் பென்குயினுக்கெல்லோ தண்ணி ஊத்தப் போறார்" என்றார்.

நான் ஒரு பின்னேரம் முழுக்க இருந்து தேடிப் படித்தேன். பிறகு எல்லாருக்கும் விளங்கப்படுத்தினேன். பென்குயின் இருப்பது உலகத்தின் மற்றப் பக்கம். மாரிக் குளிரிலும் சூரியன் வரும், நாலு மணித்தியாலமாவது நிற்கும். வீடுகள் எங்கள் வீடு மாதிரித்தான், நிலம் உறைந்து கிடப்பதால் தூண்களின்மேல் நிற்கும். மரம்தான் இல்லை. வெள்ளைக் கரடி தெருவில் உலாவாது. ஒட்டாவாவிலிருந்து மூன்று மணித்தியாலப் பறப்பு. அங்கேயும் இங்கேயும் மணிக்கூட்டில் ஒரே நேரம். சொன்னதில் ஒன்றுகூடப் பிழை இல்லை. இப்போதும் ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்படியும் மனம் வரவில்லை. அப்போதுதான் நான் அந்தச் சொல்லைப் பாவித்தேன். தலைநகரம் அம்மா, கொழும்பு மாதிரி, ஒட்டாவா மாதிரி, அதுவும் ஒரு தலைநகரம் என்றேன். அம்மாவின் முகம் இளகியது. அவ அறிந்த தலைநகரங்களில் ரயில் நிற்கும், பெரிய ஆசுபத்திரி இருக்கும், எங்கள் ஆட்களின் கடை ஒன்றாவது இருக்கும். அங்கே இருக்கிற சனம் முழுவதையும் இங்கே அஜின்கோர்ட்டின் சில மாடிக் கட்டடங்களில் அடக்கிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லவில்லை. அப்பா, "தலைநகரமெண்டாப் போகட்டும்" என்றார். அண்ணா போனார்.

புதன்கிழமை காலை தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அப்பா கதிரையிலிருந்து சரிந்தார். ஆசுபத்திரியில் அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. அண்ணாவுக்கு நான் தொலைபேசி எடுத்துச் சொன்னபோது அவர் லொறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். பின்னால் தண்ணீர் இறைக்கிற மோட்டரின் சத்தம் மட்டும் கேட்டது. வியாழன் பறப்புக்கு ரிக்கற் போட்டேன். சனிக்கிழமைக்கு மண்டபமும் தகனசாலையும் பதிந்தேன். கணக்குப்படி ஒன்றரை நாள் மிச்சம் இருந்தது.

வியாழன் அங்கே பனிப்புயல் தொடங்கியது. வெள்ளியும் ஓயவில்லை. ஊரே அடைத்துக் கிடந்தது, லொறியும் ஓடவில்லை, விமானமும் இறங்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்து வாசலில் மாமா என்னைப் பிடித்தார்.

"பிளேன் இல்லையெண்டா காரை எடுத்துக்கொண்டு வெளிக்கிடச் சொல்லு. ரெண்டு நாள் ஓடினா வந்திடலாம்தானே. அவன் லொறி ஓடுறவன்."

"ரோட்டு இல்லை மாமா."

"பனி மூடிக் கிடக்கோ?"

"இல்லை. ரோட்டே இல்லை. அங்கயிருந்து ஒரு ஊருக்கும் ரோட்டு இல்லை."

மாமா என்னைப் பார்த்த விதம், நான் ஏதோ மறைக்கிறேன் என்பது போல இருந்தது. "தலைநகரமெண்டு நீதானே சொன்னனீ?"

அம்மா பெட்டியின் பக்கத்திலிருந்து எழும்பவில்லை. மூத்தவன் வராமல் மூட விடமாட்டேன் என்று ஒரு தரம் சொன்னா, பிறகு அதையே திருப்பிச் சொல்லவும் இல்லை. மண்டபத்துக்காரர் மரியாதையாகப் புதிய நாட்களைக் காட்டினார். திங்கட்கிழமை என்றேன். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். உரலும் உலக்கையும் திரும்ப மாமாவின் வண்டிக்குப் போயின.

ஞாயிறு புயல் விட்டது. ஆனால் விமானத்தில் தெற்கே ஆசுபத்திரிகளுக்குப் போகக் காத்திருந்த நோயாளிகளுக்குத்தான் முதலிடம். அண்ணாவுக்குத் திங்கள் இடம் கிடைத்தது. தன் இடத்தைக் கர்ப்பிணி ஒருத்திக்குக் கொடுத்துவிட்டாரோ என்று நான் பிறகு யோசித்திருக்கிறேன், அவர் அப்படிப்பட்டவர். கேட்கவில்லை. எப்படியோ திங்கள் காலை காற்றுத் திரும்ப எழும்பி, அந்த விமானமும் ஏறவில்லை. திங்களைச் செவ்வாயாக்கினேன். தொலைபேசியில் மண்டபத்துப் பெண் என் குரலை அடையாளம் கண்டு, பெயர் கேட்காமலே நாளைக் குறித்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எதுவும் வரவில்லை. வானிலைப் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன், திறப்பேன். அந்த ஊரைப் பற்றி அவ்வளவு படித்தவன், மாரியில் எத்தனை நாள் அங்கே விமானம் இறங்காது என்பதைத் தேடிப் பார்த்திருக்கவில்லை.

செவ்வாய் காலையும் அங்கே காற்று விடவில்லை, இங்கே மண்டபத்தில் ஆட்கள் குறைவு. பேக்கரிக்காரருக்கு மூன்றாவது முறை லீவு கிடைக்கவில்லை. ஐயர், இனியும் வைத்திருப்பது நல்லதில்லை, இளைய மகன் செய்தாலும் சாத்திரத்தில் குற்றம் இல்லை என்று மெதுவாகச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தா.

"எனக்குச் செய்ய வேண்டியவன் நீ. அப்பாவுக்கும் நீயே செய்திட்டா, பிறகு எனக்குக் கொள்ளி வைக்க ஆர்?"

நான் அண்ணாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். பின்னால் விமான நிலையத்தின் மஞ்சள் சுவர் தெரிந்தது. முகத்தில் பல நாள் தாடி. அம்மா கேட்டதை அப்படியே சொன்னேன்.

"அம்மாட்டக் குடு" என்றார். கொடுத்தேன். "அம்மா, அவன் செய்யட்டும். உங்களுக்குச் செய்யிற முறையை நான் எடுக்கிறன். அதுக்காக இனி இஞ்ச இருக்கமாட்டன், வந்திடுவன்."

அம்மா தொலைபேசியை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கனநேரம் பார்த்தா. "வேலையை விடுறியோ?"

"ஓம்."

"சரி" என்றா. என்னிடம், "போ தம்பி, வேட்டியைக் கட்டிக்கொண்டு வா."

அண்ணாவுக்கென்று மாமா வாங்கிவைத்த வேட்டி. இடுப்பில் இரண்டு சுற்றுக் கூடச் சுற்ற வேண்டியிருந்தது. சுண்ணம் இடித்தேன், வாய்க்கரிசி போட்டேன். ஐயர் சொல்லச் சொல்லச் செய்தேன், பரீட்சைக்குப் பாடமாக்கியவன் எழுதுவதுபோல. தகனசாலையில் மாமா தொலைபேசியை என் தோளுக்கு மேலால் உயர்த்திப் பிடித்திருந்தார். படம் உறைந்து உறைந்து வந்தது. நான் பொத்தானை அமத்திய நேரம் அண்ணாவின் முகம் ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்று மாமாவுக்கும் தெரியவில்லை. பொத்தான் நான் நினைத்ததைவிட இலேசாக உள்ளே போனது.

அண்ணா வியாழக்கிழமை வந்தார். நேரே அம்மாவிடம் போய், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், பக்கத்தில் இருந்தார். அம்மா அவரின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டா. மாமா, "உன்ர தலைநகரத்துக்கு ஒரு ரோட்டைப் போடச் சொல்லடா" என்றார். அண்ணா சிரித்தார். பிறகு மூன்று பேரும் அழுதார்கள். நான் தேத்தண்ணீர் போட்டேன்.

அடுத்த கிழமை பற்றுச்சீட்டுகள் வந்தன. வழமைபோல என் மேசைக்கு. அம்மா வந்து பின்னால் நின்றா. செத்தவீட்டுச் செலவைச் சொல்ல வேண்டாம், அது எப்படியும் வரும் செலவு, காத்திருந்ததற்கு எவ்வளவு என்று மட்டும் சொல்லு என்றா. நான் பிரித்துக் கூட்டினேன். அப்பாவைக் குளிரில் வைத்திருந்த மேலதிக நாட்கள், இரண்டு முறை மாற்றிய மண்டபமும் தகனசாலையும், திரும்ப வாங்கிய பூ, திரும்பச் சொன்ன சாப்பாடு, ஐயருக்கு இரண்டாம் தட்சணை, ஒப்பந்தம் முடியமுன் வந்ததால் அண்ணாவின் கடைசிச் சம்பளத்தில் கழித்தது. தலைநகரம் என்ற என் ஒரு சொல்லுக்கு, ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டொலர்.