நல்ல தண்ணீர்ச் சாவி

பித்தளை ஆமைப்பூட்டு ஒன்று. என் சின்னக் கைக்குள் அடங்காத அளவு பெரியது. ஊர்காவற்றுறையில், சம்மாட்டியாரின் வளவுக் கிணற்றை மூடியிருந்த இரும்புக் கம்பி மூடியில் அது தொங்கியது. காற்றடித்தால் கம்பியில் மோதி டக், டக் என்று சத்தம் போடும். எங்கள் முற்றத்தில் நின்றாலும் கேட்கும். எத்தனையோ வருஷம் போய்விட்டது. இப்போது வெள்ளவத்தையில் அடுத்த வீட்டார் கேட்டைச் சாத்தினாலும் எனக்கு முதலில் நினைவு வருவது அந்தப் பூட்டும், அதன் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டித் திரிந்த மனிதரும்தான். நல்ல நினைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்களுடையது தீவுத் துறைமுகப் பட்டினம். பாய்க்கப்பல்கள் வந்து போன இடம் என்று பெரியவர்கள் பெருமையடிப்பார்கள். பெருமையைக் குடிக்க முடியாதே. சுற்றிவரக் கடல், நிலத்துக்குள்ளும் உவர். மாரியில் நாலு மழை பெய்யும், பிறகு வானம் கையை விரித்துவிடும். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தயிர்போலத் திரளும். எங்கள் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறியது சம்மாட்டியாரின் கிணற்றில் மட்டும்தான். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் வைத்திருப்பவர், மற்றவர்கள் அவரிடம் தொழிலுக்குப் போவார்கள். அவருடைய வள்ளத்தில் போகிறவனின் வீட்டுக் குடம் காலையில் நிரம்பும். போகாதவனின் குடம் வெறுமையாகத் திரும்பும். யாரும் அதை அநியாயம் என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் அப்பாவும் அவருடைய வள்ளத்தில்தான் போனார். சோழகக் காற்று பிய்த்துக்கொண்டு அடித்த ஒரு நாள், கிழிந்த பாயோடு கடலுக்குப் போகச் சொன்னதற்கு மாட்டேன் என்றார். அதையும் பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரத்தில், மாதா கோயில் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டார். சம்மாட்டியார் சிரித்தார். அப்பா வேறொருவரின் வள்ளத்துக்கு மாறினார். அன்றிலிருந்து எங்கள் குடத்துக்கு அந்தப் பூட்டுத் திறக்கவில்லை. அம்மா வெயிலில் தூரத்துக் கோயில் கிணற்றுக்கு நடந்தாள். கோடையில் அதுவும் வற்றியபோது, பட்டினசபை வண்டியில் வரும் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள்.

எங்கள் கரையோர ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கடற்தொழில் செய்தவர் செத்தால், பெட்டியில் வைக்கும் முன் உடம்பை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஆயுள் முழுக்க ஏறிய உப்பு அப்போதுதான் இறங்கும். உப்போடு போனவனுக்கு அங்கேயும் தாகம் தீராது என்பார்கள். கோயில் சுவாமியார் இதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார், கழுவி முடியும் வரை வெளியே காத்திருப்பார்.

அதே கோடையில் அப்பா கடலோடு போனார். உடல் கரையொதுங்கியது. வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு செம்புகூட இல்லை. பட்டினசபை வண்டியும் அன்று வரவில்லை. எந்தக் கோபமும் சாவீட்டு வாசலோடு நின்றுவிடும் என்று அம்மா நம்பினாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சம்மாட்டியாரிடம் போனாள், நான் அவள் சேலையைப் பிடித்தபடி பின்னால் போனேன். அவர் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். அம்மா கேட்டாள். அவர் எழும்பவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"உப்பில போனவனை உப்பிலேயே கழுவு. போ."

அப்பாவை உவர்த் தண்ணீரில்தான் கழுவினோம். சவர்க்காரம் அவருடைய நெஞ்சில் வெள்ளை வெள்ளையாய்த் திரண்டு நின்றது. பெட்டியை மூடும் முன் அம்மா நெற்றியில் முத்தமிட்டாள். நிமிர்ந்தபோது நாக்கால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். "உப்பு" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் கொழும்புக்கு வந்து, நான் கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை செய்து, அம்மாவையும் அடக்கம் செய்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை மட்டும் என்னால் அடக்கம் செய்ய முடியவில்லை. அந்த மனிதர் நாசமாய்ப் போகவேண்டும் என்று செபமாலை கையில் இருக்கும்போதே நினைத்திருக்கிறேன்.

அவர் நாசமாய்ப் போகவில்லை. என் மாடிக்குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்.

ஓய்வுக்குப் பிறகு நான் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் குடியிருக்கிறேன். வேறு யாரும் முன்வராததால் எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். செயலாளர் என்றால் வேறொன்றுமில்லை, தண்ணீர்ச் சாவி. கீழ்த்தளத்தில் இரண்டு குழாய்கள் இருக்கின்றன. ஒன்று குழாய்க்கிணற்றுத் தண்ணீர், கடல் பக்கத்தில் இருப்பதால் உப்பு. வாகனம் கழுவ உதவும். மற்றது நகரத் தண்ணீர் நிரம்பும் தாங்கியின் குழாய். நீர்வெட்டு நாட்களில் ஆளாளுக்கு அள்ளிக்கொண்டு போகாமல் அதற்கு ஒரு ஆமைப்பூட்டுப் போட்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒரு வாளி அளந்து கொடுப்பது என் வேலை.

மூன்றாம் மாடியில் இருந்த பெண்ணின் தகப்பன் ஊரிலிருந்து வந்திருக்கிறார் என்றார்கள். ஊன்றுகோலோடு கீழே வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். குரலைக் கேட்டதும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"பிள்ளை எந்த ஊர்?"

"ஊர்காவற்றுறை."

"அட, எங்கட பிள்ளை. ஆற்ற மகள்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன், நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஊன்றுகோல் தரையில் தட்டத் தொடங்கியது. அவருடைய கண் என் மடியில் கிடந்த சாவிக்கொத்துக்குப் போனது. அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

இரண்டு நாள் அவர் கீழே வரவில்லை. பிறகு ஒரு காலையில் வந்தார், கையில் பையோடு. கறுத்தக் கொழும்பான் மாம்பழம்.

"தண்ணித் திறப்பு உம்மட்டத்தானே இருக்கு?" சாவிக்கொத்தைப் பார்த்தபடி கேட்டார்.

"ஓம்."

"மகளிட்டச் சொல்லியிருக்கிறன், நான் செத்தால், மலர்ச்சாலைக்காரர் வந்து எடுக்கமுதல் என்னை வீட்டில வைச்சுக் கழுவச் சொல்லி. தண்ணி வெட்டுற நாளெண்டால்..." மூச்சு வாங்கினார். "நல்ல தண்ணி தருவீர்தானே?"

"பாப்பம்" என்றேன்.

தருகிறேன் என்றுமில்லை, மாட்டேன் என்றுமில்லை, அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் நான் எதுவும் கொடுக்கவில்லை. மாம்பழத்தைக் காவற்காரருக்குக் கொடுத்தேன். அடுத்த கிழமை பாரை மீன் வந்தது, பிறகு மருதானையில் வாங்கிய பேரீச்சம்பழம். ஒவ்வொரு முறையும் அதே கேள்வி, அதே பதில். நீர்வெட்டு என்று அறிவித்தல் வந்த நாட்களில் மனுஷன் மருந்தைச் சரியாகப் போட்டுக்கொண்டு, அசையாமல் படுத்திருப்பாராம். அவருடைய மகள்தான் சிரித்துக்கொண்டு சொன்னாள், "அப்பாவுக்கு இப்ப தண்ணிப் பைத்தியம் அக்கா." அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பிள்ளை.

ஒன்று சொல்லவேண்டும். அத்தனை மாதத்தில் ஒரு தடவையாவது அவர் என் அப்பாவைப் பற்றிக் கதைக்கவில்லை. அம்மா இருக்கிறாளா என்று கேட்கவில்லை. செய்தது பிழை என்று அவர் வாயிலிருந்து வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது தண்ணீர் மட்டும்தான். களுபோவிலை ஆஸ்பத்திரியில் அவர் கிடந்தபோது நானும் பார்க்கப் போனேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் மற்றவர்களை விலகச் சொல்லிக் கையால் சைகை காட்டினார்.

"பிள்ளை, ஒரு சொல்லுச் சொல்லும்."

குனிந்து காதருகில் சொன்னேன். "பாப்பம், சம்மாட்டியார்."

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு அவர் கீழே இறங்கவில்லை. நீர்வெட்டு நாளொன்றில், விடிந்து கொஞ்ச நேரத்தில், மகள் படியிறங்கி வந்தாள். வாளியை இடுப்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அப்பா போயிட்டார் அக்கா. கழுவ வேணும். உங்களிட்டத்தான் கேக்கச் சொன்னவர்."

வாளியை வாங்கி உப்புக் குழாயின் கீழே வைத்தேன். பொய் சொல்லமாட்டேன், அங்கேதான் முதலில் வைத்தேன். குழாயில் கை வைத்துக்கொண்டு அந்த வசனத்தை வாய்க்குள் சொல்லியும் பார்த்தேன். உப்பில போனவனை உப்பிலேயே கழுவு. இவ்வளவு காலம் பத்திரமாய் வைத்திருந்த வசனம். திரும்பிப் பார்த்தால் அவள் நின்ற நிலை அம்மா நின்ற நிலை. கேட்டுவிட்டு, எதிராளியின் கையையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நிலை எனக்குத் தெரியும்.

வாளியை இழுத்துத் தாங்கிக் குழாயின் கீழ் வைத்தேன். பூட்டைத் திறந்து, விளிம்பு வரை நிரப்பிக் கொடுத்தேன். இது உனக்கு, பிள்ளை, அந்த ஆளுக்கு இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

பூட்டைத் திரும்பப் போட்டேன். குழாயில் மோதி டக் என்றது. மேலே அவருடைய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று தெரியாமலே அவர் போய்விட்டார். ஒரு சொல்லில் நான் அதைத் தெரிவித்திருக்கலாம். இன்றைக்கு அவர் எழும்பி வந்து கேட்டாலும், பாப்பம் என்றுதான் சொல்வேன்.