வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியட்

“எட்டு பி… செவ்வாய் மூணாவது… இருக்கு. வெள்ளி ஆறாவது… இருக்கு.”

ஆசிரியர் அறைச் சுவரில் தொங்கும் கால அட்டவணையில் விரலை வைத்து, கட்டம் கட்டமாக நகர்த்திக்கொண்டு போகிறார் எங்கள் பி.டி. டீச்சர். கூட்ட நெரிசலில் பர்ஸ் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பவரின் முகம் அது. திங்கட்கிழமை காலை இந்தச் சோதனையை முடித்துவிட்டுத்தான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார். பிறகு திரும்பி என்னை ஒரு பார்வை பார்ப்பார். நான் கணக்கு வாத்தியார். இந்தப் பள்ளியில் காணாமல் போன பி.டி. பீரியட்களில் பாதிக்கு மேல் என் வகுப்பறையில்தான் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன.

வயது ஐம்பத்திரண்டு. குள்ளமான உருவம், மகள் போட்டுக் கழித்த தொப்பி, இடது முழங்காலில் ஒரு பட்டை. டீச்சரால் ஓட முடியாது. அவருக்கும் சேர்த்து அவர் குரல் ஓடும். மைதானத்தில் கிளம்பி, இரண்டு மாடி ஏறி, என் இயற்கணிதத்துக்குள் நுழைந்துவிடும். யாரோடு பேசினாலும் கையில் ஒரு பந்து இருக்கும். பேச்சு முடிவதற்குள் அதில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிடுவார். தலைமை ஆசிரியர் அறைக்கும் பந்தோடுதான் போவார்.

வீட்டுக்காரர் பேக்கரி வைத்திருக்கிறார், பள்ளிக்கூடத் தெருவின் கடைக்கோடியில். சாயங்கால மணி அடித்தால் பிள்ளைகள் நேராக அங்கேதான் மொய்ப்பார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? கேட்டே விட்டார்கள். டீச்சர் அசரவில்லை.

“அவர் ஏத்துறார், நான் இறக்குறேன். ரெண்டு பேரும் சேர்ந்துதானே குடும்பம் நடத்துறோம்!”

சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் அவர் மூச்சுவிட மாட்டார். “அதுங்களா சமைக்குது? பெத்தவங்ககிட்ட பேசுவேன்” என்பார். பேசவும் செய்வார், அரை மணி நேரத்துக்குக் குறையாமல்.

இந்த ஆண்டுத் தொடக்கத்தில் பள்ளியில் ஒரு மருத்துவ முகாம் நடந்தது. எட்டு பி-யின் நாற்பத்திரண்டு பேரில் பதினொரு பேருக்கு எடை அதிகம் என்று தெரிந்ததும் பெற்றோர்கள் படையெடுத்து வந்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் அந்த வகுப்புக்கு வாரம் ஒன்றாக இருந்த பி.டி. பீரியடை இரண்டாக்கினார். கூடவே ஒரு கொக்கியும் போட்டார்.

“அரையாண்டு வரைக்கும் பாப்போம் டீச்சர். எடை குறைஞ்சிருந்தா ரெண்டும் உங்களுக்கே. குறையலைன்னா வெள்ளிக்கிழமை பீரியட் கணக்குக்குப் போயிடும்.”

வெள்ளி ஆறாவது கட்டத்தில் டீச்சரின் விரல் ஏன் ஒரு நொடி அதிகம் நிற்கிறது என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

டீச்சரின் மைதானத்தில் சட்டமே வேறு. பந்தால் அடித்து ஆளை அவுட் ஆக்கும் விளையாட்டு எல்லாப் பள்ளியிலும் உண்டு. அவுட் ஆனவர்கள் ஓரமாக உட்கார வேண்டும். இங்கே உட்காரும் பேச்சே கிடையாது. அவுட் ஆனால் மைதான ஓரத்து வட்டத் தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் ஆட்டத்துக்குள் வந்துவிடலாம். எதற்கு இப்படி என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“ஓடத் தெரிஞ்சவன் கடைசி வரைக்கும் ஓடுறான். ஓட வேண்டியவ முதல் நிமிஷமே அவுட் ஆகி, பீரியட் முழுக்க மண்ணுல கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. இது என்ன சார் நியாயம்? உங்க கிளாஸ்ல கணக்கு தப்பாப் போட்டவனை வெளிய அனுப்பிட்டு, சரியாப் போட்டவனுக்கு மட்டுமா சொல்லித் தர்றீங்க?”

நான் சிலரை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

அணி பிரிப்பதும் அப்படித்தான். தலைவர்கள் ஆள் ஆளாகப் பொறுக்கும் வழக்கமே இல்லை. “ஆறாம் மாசம் வரைக்கும் பொறந்தவங்க இந்தப் பக்கம், மிச்சம் அந்தப் பக்கம்!” அவ்வளவுதான். யாரும் கடைசி ஆளாக மிஞ்சி நிற்க மாட்டார்கள்.

எட்டு பி-யில் ஒரு பெண் உண்டு. வகுப்பிலேயே பெரிய உடம்புக்காரி. ‘ரோடு ரோலர்’ என்று பையன்கள் பெயர் வைத்திருந்தார்கள். பி.டி. பீரியட் வந்தால் போதும், வயிற்று வலி என்று அம்மா எழுதிய கடிதத்தோடு வந்து என் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுவாள். நல்ல கணக்குப் பிள்ளை என்று நானும் உச்சி குளிர்ந்து போயிருந்தேன். அடுத்த கடிதத்தை டீச்சர் வாங்கிப் படித்தார். மடித்துத் தொப்பிக்குள் செருகிக்கொண்டார்.

“வயிறு வலிச்சா ஓட வேணாம்மா. எனக்கும் முட்டி வலி. வா, ரெண்டு நோயாளியும் பேசிக்கிட்டே நடப்போம்.”

மூன்று வாரம் இருவரும் தொட்டியைச் சுற்றி நடந்தார்கள். நான்காவது வாரம் அந்தப் பெண்ணுக்கே பொறுமை போய்விட்டது. “நீங்க மெதுவா வாங்க டீச்சர், நான் முன்னாடி போறேன்” என்று கிளம்பிவிட்டாள். கடிதங்கள் நின்றன. என் அறைக்கு ஒரு மாணவி குறைந்தாள்.

அரையாண்டும் வந்தது. மாடிப்படிக்கு அடியில் ரப்பர் வாடை அடிக்கும் தம் சாமான் அறைக்குள் எடை மெஷினை வைத்து, ஒவ்வொருவராக அழைத்துக் கதவைச் சாத்தி எடை பார்த்தார் டீச்சர். எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. பட்டியல் தலைமை ஆசிரியர் மேசைக்குப் போனது. சராசரி பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். காகிதத்தின் பின்பக்கம் கூட்டி வகுத்தேன். ஒன்றே கால் கிலோ கூடியிருந்தது.

“ஏறியிருக்கே டீச்சர்!” என்றார் தலைமை ஆசிரியர்.

“வளர்ற வயசு சார். ஆறு மாசமா ஏறாம இருந்தாத்தான் நான் பயப்படணும். உயரத்தையும் பாருங்க. ஆரம்பத்துல நிக்காம பத்து ரவுண்டு ஓடினவங்க பதிமூணு பேர். இப்ப முப்பத்தாறு பேர். அதையும் எழுதியிருக்கேன்.”

“அதெல்லாம் பெத்தவங்களுக்குப் புரியாது. கணக்கு சார், நீங்க சொல்லுங்க. ஏறியிருக்கா, இல்லையா?”

“ஏறியிருக்கு சார்” என்றேன்.

சரியான விடைதான். இருபது வருடத்தில் ஒரு சரியான விடைக்காக நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கேட்ட கேள்வி தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அறுநூறு பிள்ளைகளிடம் கேள்வியை ஒழுங்காகப் படி, படி என்று கத்துகிறவன் நான். டீச்சர் “சரி சார்” என்று மட்டும் சொன்னார். கையில் பந்து இருந்தது. அமுக்கிப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆறாவது மணி அடித்ததும் எட்டு பி-க்குள் நுழைந்தேன். அந்தப் பெண் மேசைக்கு அடியில் குனிந்திருந்தாள். பென்சில் விழுந்துவிட்டதோ என்று பார்த்தால், கேன்வாஸ் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“மறந்து ஷூ மாத்திட்டேன் சார். இனிமே கணக்குதானே…” என்று செருப்பைத் தேடினாள்.

கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். தேதியை எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. சாக்பீஸை வைத்துவிட்டு, “எல்லாரும் சத்தம் போடாம கீழ இறங்குங்க” என்றேன். அவர்கள் இறங்கிய சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும்.

டீச்சர் சாமான் அறையில் தனியாக உட்கார்ந்து பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு வட்டத்தோட சுற்றளவு, டீச்சர். தண்ணித் தொட்டியைச் சுத்திப் பாத்தாத்தான் பிள்ளைங்களுக்குப் புரியும். நீங்க கொஞ்சம் ஓட விடுங்க.”

பம்பு அடிப்பது நின்றது. “ஹெச்.எம். கேட்டா?”

“என் பீரியட். கணக்குதான் நடக்குதுன்னு நானே சொல்லிக்கறேன்.”

“இந்த ஒரு வெள்ளிக்கா?”

“பெரிய பாடம் டீச்சர். வருஷக் கடைசி வரைக்கும் இழுக்கும்.”

டீச்சர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னை மேலிருந்து கீழே அளந்தார். சட்டையின் நடுப் பொத்தானில் கண் கொஞ்சம் தங்கியது. அந்த இடத்தில் துணி இழுத்துக்கொண்டிருந்தது. பிறகு என் தோல் செருப்பைப் பார்த்தார். எழுந்து அறையின் உள்பக்கம் போய், அட்டைப் பெட்டிகளை உருட்டித் தேடி, பெரிய அளவில் ஒரு ஜோடி பழைய கேன்வாஸ் ஷூவோடு வந்தார். துப்பட்டா முனையால் தூசி தட்டினார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, இரண்டின் லேஸையும் நன்றாகத் தளர்த்தி, என் காலுக்கு முன்னால் வைத்தார்.