துண்டு வீசியவர்

இன்று யாரைப் பார்த்தேன் தெரியுமா? துண்டு வீசிய மனிதரை! நிஜமாகவே வீசியவரை!

எங்கள் ஆபீஸ் மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் 'டோன்ட் த்ரோ இன் த டவல்' என்பார். தோற்றுவிட்டோம் என்று கையைத் தூக்காதே என்று அர்த்தம். குத்துச்சண்டையிலிருந்து வந்த பேச்சு. நம் ஆட்கள் துண்டு போட்டால் இடம் பிடித்தாயிற்று என்று அர்த்தம். அங்கே துண்டு விழுந்தால் இடம் காலி! ஆனால் அதை வீசுவது அடி வாங்குகிறவன் இல்லை, மூலையில் நிற்கும் அவனுடைய ஆள் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

பைக் பஞ்சர். பாலத்தடியில் உள்ள கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். சைக்கிளில் வந்த ஒருவர், "துண்டு, காத்து இருக்கா?" என்றார்.

"அதென்னண்ணே பேரு?" என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

சொன்னார். அவருடைய தம்பி குத்துச்சண்டை வீரர். ஜெயித்தால் அரசாங்க வேலை என்ற போட்டி. கடைசி ரவுண்டில் தம்பிக்கு ஒரு கண் மூடிவிட்டது, கை இறங்கிவிட்டது. மூலையில் நின்ற அண்ணன் தோளில் கிடந்த துண்டை உள்ளே எறிந்தார். சண்டை முடிந்தது. வேலை எதிராளிக்குப் போனது. அன்றிலிருந்து தம்பி பேசுவதில்லை. பெற்ற தாயே சாகும்வரை 'துண்டு' என்றுதான் கூப்பிட்டாளாம்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, புருவத்தில் தழும்போடு ஒருவர் வந்து நின்றார். கடைக்காரர் கை அப்படியே நின்றது. அதே தம்பி!

"நான் நின்னுட்டுத்தானே இருந்தேன்?" என்றார் தம்பி, எடுத்த எடுப்பில்.

"நின்னே. பொணத்தை நிக்க வெச்ச மாதிரி நின்னே."

"செத்திருந்தா நீ செஞ்சது சரின்னு ஒத்துக்கிட்டிருப்பேன்."

"இதைச் சொல்லத்தான் வந்தியா?"

தம்பி பழைய டயர் ஒன்றைக் காலால் நெம்பினார். "ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்குப் போட்டி. மூலையில நீ நிக்கணும்."

"ஏன், அப்பன் நீ இல்லை?"

"என்னால வீச முடியாது. அவ விழுற வரைக்கும் பாத்துட்டே நிப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்."

"நான் வீசினா?"

"உன்னை வெறுப்பா. உனக்குத்தான் பழகிப்போச்சே. என்னை வெறுத்துட்டா நான் எங்க போவேன்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை மணிக்கு?" என்றார்.

"நாலு." அவ்வளவுதான். ஸ்டூலை இழுத்துப் போட்டும் தம்பி உட்காரவில்லை, போய்விட்டார்.

"ஏண்ணே ஒத்துக்கிட்டீங்க?"

"வேற யாரு வீசுவா?" என்று ட்யூபைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள விளையாட்டுக் கூடம், ஞாயிறு மாலை. டிக்கெட் கிடையாது. போங்கள், நாலு பேருக்குச் சொல்லுங்கள். துண்டு விழுந்தால் தயவுசெய்து யாரும் ஊளையிடாதீர்கள்.