கூண்டு ஏறினால் எனக்குத்தான் போன்

இராமநாதபுரத்தில் அரசுத் தேர்வுக்குப் பயிற்சி தரும் மையம் ஒன்றில் எனக்கு வேலை. அதன் ஆன்லைன் வகுப்புகள் பின்னறையில் ஏசி போட்டு வைத்திருந்த ஒரே சர்வரில் ஓடின. அதை அமைத்ததும் கட்டி மேய்த்ததும் நான். உதவிக்கு அழைக்க வேண்டிய எண்ணும் என்னுடையதுதான்.

பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் சர்வர் படுத்துவிடும். கடற்கரையில் பல வீடுகளில் நல்ல போன் ஒன்றுதான். அது புருஷனோடு கடலுக்குப் போய்விடும். கூண்டு ஏறிப் படகு போகாத நாளில் போன் வீட்டில் இருக்கும். எங்களிடம் படிக்கும் பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பாடம் பார்க்கத் தளத்துக்குள் வந்துவிடுவார்கள்; சர்வர் தாங்காது. உடனே எனக்கு அழைப்பு வரும். "அண்ணே, படுத்துருச்சு!"

சோற்றில் வைத்த கையைக் கழுவிவிட்டு ஓடுவேன். வாய் சலித்துக்கொள்ளும், உள்ளுக்குள் அவ்வளவு பெருமை. "நீ இல்லேன்னா நாம அம்புட்டுத்தேன்" என்பார் முதலாளி.

பிறகு அவள் வேலைக்கு வந்தாள். கீழக்கரைக்காரி, துபாயில் வேலை பார்த்துத் திரும்பியவள், என்னைவிட வயதில் சின்னவள். வந்த வாரமே எல்லாவற்றையும் கிளவுடுக்கு, இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வருக்கு, மாற்றலாம் என்றாள். முதலாளி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கேட்டார். எனக்காக அவர் கழுத்தைக்கூடத் திருப்பியதில்லை.

"கூட்டம் கூடுனா இடம் தானாக் கூடும்ணே. குறைஞ்சா தானாச் சுருங்கிக்கிரும். யாரும் ஓடி வர வேண்டியதில்ல."

அவள் மரியாதையாக அண்ணே, அண்ணே என்னும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடங்களையும் மாணவர் கணக்குகளையும் நானே எடுத்துக் கொடுக்க, அவள் அங்கே ஏற்றினாள். வேலை முடிந்ததும் பின்னறை ஏசியைக் கழற்றி அவள் அறையில் மாட்டினார்கள். பொறாமை இல்லை என்று சொன்னால் என் வாய் புழுத்துப் போகும். வயிறு எரிந்தது.

ஐப்பசியில் கூண்டு ஏறியது. வாடி, உன் சாமர்த்தியத்தை இன்றைக்குப் பார்க்கலாம் என்று தட்டுக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். சோறு முழுக்க உள்ளே போனது. போன் அசையவில்லை.

"என்ன, இன்னைக்கு ஒருத்தரும் கூப்புடல?" என்றாள் மனைவி.

"ஏன், கூப்புடணுமாக்கும்?" என்று எரிந்து விழுந்தேன்.

பொறுக்க முடியாமல் நானே தளத்தைத் திறந்தேன். தொட்ட விரலை எடுப்பதற்குள் திறந்தது. மறுபடி தொட்டேன். அட சனியனே, மறுபடியும் திறந்தது!

சாயங்காலம் போன் அடித்தது. பாம்பன் பெண் ஒருத்தி. கூண்டு ஏறினால் தவறாமல் கூப்பிடுகிறவள். பாய்ந்து எடுத்தேன். "என்னம்மா, படுத்துருச்சா? இந்தா வாரேன்."

"இல்லண்ணே, இன்னைக்குப் படுக்கவே இல்ல! மாதிரித் தேர்வு முழுசா எழுதிட்டேன். எம்புட்டுச் சிரமப்பட்டீங்களோ, நீங்க நல்லா இருக்கணும்."

நான் இல்லை, அந்தக் கீழக்கரைக்காரி என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சரிம்மா, நல்லாப் படி" என்றேன்.

"இனிமே ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேண்ணே" என்று சொல்லிவிட்டு, சந்தோஷமாகப் போனை வைத்தாள்.