பின்கதவு நிலையில் மரத்தவளை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். இந்த ஒரு விஷயத்தை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சண்டைக் காலம். மட்டக்களப்பு வாவிக் கரையில் எங்கள் வீடு, எதிர்க்கரையில் இராணுவ முகாம். வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அத்தான் தோணியில் மீன்பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. தோணி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. வருவார் என்று அக்கா பொட்டை அழிக்காமல், தினமும் ஒரு பிடி அரிசி கூடப் போட்டுச் சமைப்பாள்.

அந்த மாரி மழையில் ஒரு சின்ன மரத்தவளை வீட்டுக்குள் குடிவந்தது. கட்டைவிரல் அளவுதான். எத்தனை தரம் பிடித்து வெளியே விட்டாலும் பின்கதவு நிலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். அத்தான் சேற்றுக்காலோடு வந்தால் ஒரு கையால் அந்த நிலையைப் பிடித்துக்கொண்டுதான் கால் கழுவுவார்.

ஒரு பொழுதுபடும் நேரம், மழை விட்டிருந்தது. கமராவில் கடைசிப் படம் ஒன்று மிச்சம் இருந்தது, ரோலை முடித்தால்தான் கழுவக் கொடுக்கலாம், சரி, தவளையையே எடுப்போம் என்று கிட்டப் போனேன்.

“உனக்கென்னகா விசரா? வெளிச்சம் அக்கரைக்குத் தெரியுமே!” என்று அக்கா கத்தினாள். அதற்குள் பிளாஷ் அடித்துவிட்டது.

அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் சீருடைக்காரர்கள் வாசலில். யாருக்குச் சிக்னல் காட்டினாய், யாரை ஒளித்து வைத்திருக்கிறாய் என்று ஒரே கேள்வி. தவளையைப் படம் எடுத்தேன் என்றால் எவன் நம்புவான்? வீட்டில் இரண்டு பேர்தான், வேண்டுமென்றால் ரோலைக் கழுவிப் பாருங்கள் என்று நானே வாயைக் கொடுத்தேன். கமராவை எடுத்துக்கொண்டு போனார்கள்.

சில நாளில் முகாமுக்கு வரச் சொன்னார்கள். தனியே விடமாட்டேன் என்று அக்காவும் வந்தாள். மேசையில் அந்தப் படம் கிடந்தது. தவளை துலக்கமாகத் தெரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே, நிலையைப் பிடித்தபடி ஓர் ஆணின் கை. மணிக்கட்டுவரைதான். நனைந்திருந்தது.

“வீட்டுல ரெண்டு ஆள்தானே சொன்னது? இது யாரு கை?” என்று அதிகாரி தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

படத்திலிருந்த கையின் மோதிர விரலில் பாதி இல்லை. அரிசி ஆலையில் வேலை செய்தபோது அத்தானுக்குப் போன விரல் அது. ஆளை ஒளித்து வைத்ததாகச் சுட்டே போடுவார்கள் என்று நினைத்தேன்.

அக்கா படத்தைத் தொட்டாள். “இது என்ட புருசன்ட கை, சேர். விரலப் பாருங்க. அவர் வந்திருக்கார், நாங்கதான் காணல்ல.” அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

அதிகாரி அப்போதுதான் அந்த விரலைக் கவனித்தார் போலிருக்கிறது. குனிந்து பார்த்தார். முகம் வெளிறிப் போயிற்று.

“அந்த ஆளுக்கு வர ஏலாது,” என்றார்.

என்ன சொல்லிவிட்டோம் என்று பிறகுதான் அவருக்கே விளங்கியிருக்க வேண்டும். கமராவை என் பக்கம் தள்ளிவிட்டு, போகச் சொல்லிக் கை காட்டினார். படத்தைத் தரவில்லை, அதனால் என்னிடம் கேட்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கிணற்றடியில் பொட்டை அழித்தாள். நானும் சேர்ந்து அழுதேன்.

இன்றைக்கும் மாரி தொடங்கினால் ஒரு மரத்தவளை அந்தப் பின்கதவுக்கு வருகிறது. அதே தவளையாக இருக்காது, அது எனக்கும் தெரியும். ஆனால் நிலை முழுக்கக் காலியாகக் கிடந்தாலும், கை பிடிக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு, அதற்குச் சற்று மேலேதான் போய் உட்காருகிறது.